முதுகுக்குப் பின்னால் இரண்டு புள்ளிகள்

ஒரு நாற்காலியைப் பற்றி இப்படி உருக என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் ஒரே ஒரு தடவை ஏரான் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள், அப்புறம் பேசலாம்!

அலுவலகங்கள் காலி செய்த சாமான்களை விற்கும் ஒரு பெருங்குடிக் கடையில் ஓர் ஏரான் தூசியோடு தூசியாக நின்றது. பார்த்ததும் எனக்கு நெஞ்சு படபடத்துவிட்டது. ஓடிப்போய் சாய்மானத்தின் மேல்விளிம்புக்குப் பின்னால் விரலை விட்டுத் தடவினேன். இரண்டு புள்ளிகள்! ஒரு புள்ளி என்றால் சின்ன அளவு, மூன்று என்றால் பெரியது, இரண்டு என்றால் என் அளவு. முதலாளிக்குப் பெரிசு, டைப்பிஸ்ட்டுக்குச் சிறிசு என்று பதவி பார்த்து நாற்காலி போட்ட உலகத்தில், ஆளின் உடம்பைப் பார்த்து அளவு வைத்த வடிவமைப்பாளர்கள் பில் ஸ்டம்ப்பும் டான் சாட்விக்கும் கண்முன் வந்தால் கையெடுத்துக் கும்பிடுவேன்.

நினைத்துப் பாருங்கள், பதினோரு வருஷமாக ரெக்சின் சேரில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பு வேலை, மே மாதத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும், நாலு மணி ஆனால் இடுப்பு விண்விண்ணென்று தெறிக்கும், பஞ்சு அமுங்கி அடிப்பலகை எலும்பில் இடிக்கும். அப்படிப்பட்ட உடம்பை இதில் வைக்கிறேன், பஞ்சே கிடையாது, தோலும் கிடையாது, இழுத்துக் கட்டிய வெறும் வலை, அது என் எடையை ஓரிடத்தில் குவியவிடாமல் பரப்பி வாங்கிக்கொள்கிறது, பின்னாலிருந்து ஃபேன் காற்று முதுகுக்குள்ளேயே புகுந்து வருகிறது, முன்விளிம்பு கீழ்நோக்கி வளைந்திருப்பதால் தொடைக்கடியில் அழுத்தமில்லை, கால் மரத்துப்போகவில்லை, இடுப்பின் உள்வளைவை யாரோ உள்ளங்கையால் தாங்குகிற மாதிரி இருக்கிறது, அந்த வளைவு தட்டையாகிவிட்டால்தானே முதுகெலும்பு வட்டுகளில் பாரம் ஏறுகிறது! சாய்ந்தால் நாற்காலியும் கூடவே சாய்கிறது, பாதம் தரையிலேயே இருக்கிறது, சட்டை மேலே ஏறவில்லை, கடைக்காரர் பார்க்கிறார் என்றுகூட இல்லாமல் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருந்தேன், சிரிப்பை அடக்கவே முடியவில்லை!

1994-இல் வந்த வடிவம் இது. நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. இருக்காதா பின்னே?

சம்மணம் போட்டால் ஓரத்துச் சட்டம் கொஞ்சம் இடிக்கும், அவ்வளவுதான். வீட்டுக்கு வாங்கி வந்தாயிற்று; இப்போது நெளியாமல், எழுந்து எழுந்து முதுகை நிமிர்த்தாமல், ஒரே மூச்சில் ஒரு அத்தியாயம் முடிக்கிறேன். முடித்த கையோடு தெருமுனை வரை ஒரு நடை. எந்த நாற்காலியும் அதற்கு ஈடில்லை.

இந்த வடிவமைப்பாளர்கள் முதலில் யோசித்தது வயதானவர்களுக்கான ஒரு நாற்காலியை. அது கடைக்கு வரவேயில்லை, அந்த யோசனைதான் ஏரானாகப் பிறந்தது. இதை அம்மாவிடம் சொன்னதுதான் தாமதம், ஏறி உட்கார்ந்துவிட்டாள். "இதுலயே உக்காந்து கீரை ஆஞ்சுடலாம் போல இருக்கேடா!" இப்போது காலை ஒன்பது மணி வரை நாற்காலி அவளுடையது.