நல்ல கணவனின் மனைவி

கேட் ஷோபின் என்னும் அமெரிக்க அம்மையார் எழுதி, 1894-ஆம் ஆண்டு டிசம்பரில் 'வோக்' பத்திரிகையில் 'ஒரு மணி நேரத்தின் கனவு' என்ற பெயரால் வெளிவந்த சிறுகதை, இன்று 'ஒரு மணி நேரத்தின் கதை' என வழங்குகிறது. ஆங்கிலத்தில் ஏறக்குறைய 1,000 சொற்களே கொண்டது. படித்தோரிற் சிலர் அதன் நாயகியைத் தூற்றுவர். வேறு சிலர், கணவன் கொடியவனாயிருந்திருப்பான் என்று இல்லாத குற்றமொன்றை அவன்மேல் ஏற்றி, அவளை விடுவிப்பர். இரு சாராரும் கதையைச் சரிவரப் படிக்கவில்லை என்பதே எம் துணிபு.

இருதய நோயுடைய மாலர்ட் அம்மாளுக்குக் கணவன் ரயில் விபத்தில் மாண்டான் என்ற செய்தி பக்குவமாகச் சொல்லப்படுகிறது. கதறியழுதபின் தனியறை புகுந்து, திறந்த சன்னலெதிரே அமர்கிறாள். வெளியே வசந்தம். ஏதோ ஒன்று தன்னை நோக்கி வருவதை உணர்ந்து, அதைத் தள்ள முயல்கிறாள், முடியவில்லை. தான் விடுதலை பெற்றவள் என்ற உணர்ச்சியே அது. பின்னர் அவள் இறங்கி வருகையில் வாயிற்கதவு திறக்கிறது. விபத்தையே அறியாத கணவன் உயிரோடு நிற்கிறான். அவள் உயிர் நீங்குகிறது. மகிழ்ச்சி மிகுதியால் மாண்டாள் என்கின்றனர் வைத்தியர்கள்.

கவனிக்க வேண்டுவது கணவனின் குணம். அவளை அன்போடன்றி நோக்கியறியாதவன் அவன். அவளும் சிற்சில வேளை அவனை நேசித்தவளே. அவன் உடலைக் காணும்போது மீண்டும் அழப்போவதையும் அறிவாள். எனினும், வரும் ஆண்டுகள் தனக்கே உரியவை என்று களிக்கிறாள். அன்பினாற் செய்யினும், ஒருவர் தம் விருப்பத்தை மற்றவர்மீது சுமத்துவது குற்றமே என்று அவளுக்குப் புலனாகிறது. பாவம் இத்தனை, புண்ணியம் இத்தனை என்று பேரேட்டில் பதிய முடியாத நிலை இது. சீர்திருத்தக் கதை எழுதப் புகும் நம் அன்பர்களோ, கையிற் கள்மொந்தையோடு ஒரு கணவனைக் கொணர்ந்து நிறுத்திவிடுகின்றனர். வாசகர் கண்ணீர் நிச்சயம். ஆனால், அவன் குடியை விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் ஆகிறது. மணவாழ்க்கை என்னும் ஏற்பாடு விசாரணையின்றித் தப்பிவிடுகிறது!

பெயர் வழங்கும் முறையும் நுட்பமானது. தொடக்கத்தில் அவள் மாலர்ட் அம்மாள் மட்டுமே. விடுதலையை உணர்ந்தபின்னரே, மூடிய கதவுக்கு வெளியிலிருந்து சகோதரி அழைக்கையில், 'லூயிஸ்' என்ற சொந்தப் பெயரை முதன்முறை கேட்கிறோம். கணவன் திரும்பியதும் மறுபடி 'அவன் மனைவி' ஆகிவிடுகிறாள்.

ஊருக்கு அஞ்சியே ஆசிரியை அவளைக் கொன்றார் என்பாருமுளர். அஞ்சியிருந்தால், வைத்தியர்களை இவ்வளவு தவறாகப் பேசவிட்டிருக்கமாட்டார்.

நிற்க. 1898-இல் அவரே எழுதிய 'புயல்', 1904-இல் அவர் மறைந்து நெடுங்காலத்திற்குப்பின், 1969-இல்தான் அச்சேறியது. கணவனும் மகனும் மழைக்குக் கடையில் ஒதுங்கியிருக்க, கலிக்ஸ்டா தன் முன்னாட் காதலனோடு கூடுகிறாள். தண்டனை எதுவுமில்லை. கணவன் இறால் டப்பாவோடு வீடு திரும்ப, குடும்பம் சிரித்து உண்கிறது. துணிவில் இதுவே மேம்பட்டதென்பர் சிலர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. கலிக்ஸ்டா கட்டுப்பாட்டை மீறுகிறாள். தன்னைப்பற்றி அவள் என்ன அறிந்தாள் என்பதைக் கதை காட்டவில்லை. லூயிஸின் சன்னலோர நாற்காலியில் அதுவே முழுக்கதை.

இக்கதையைத் தமிழாக்க முன்வரும் அன்பர்கள், வைத்தியர்களின் தீர்ப்போடு நிறுத்தி, விளக்கமாக ஒரு சொல்லும் சேர்க்காதிருப்பாராக.