அரிதென்று எதைச் சொல்வது?

பிறர் படைத்த பாத்திரங்களை வைத்து வாசகர்கள் எழுதும் கதை, அதாவது ஃபேன்ஃபிக்‌ஷன் தமிழில் 2022-இல் மணிரத்னத்தின் பொன்னியின் செல்வன் படத்தோடு பிறந்ததாம். பொன்னியின் செல்வனை விட்டால் மற்ற தமிழ்ப் படைப்புகள் எல்லாமே ‘அரிய’ வகையில்தான் சேருமாம். மயிலாப்பூரிலும் அடையாறிலும் ஆங்கிலத்தில் கதை எழுதிப் பழகும் இளைஞர்களிடம் இந்தப் பேச்சு இப்போது பரவலாக அடிபடுகிறது. முதல் பாதி வெறும் அறியாமை. இரண்டாம் பாதியை அப்படித் தள்ள முடியாது. அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. எண்ணைக் காட்டிவிட்டால் நம்மவர்கள் எதிர்த்துப் பேசமாட்டார்கள்.

அந்தக் கணக்கு வந்த இடம் ‘யூல்டைட்’ என்ற கதைப் பரிசுப் பரிமாற்றம். 2003-இல் தொடங்கி ஆண்டுதோறும் நடக்கிறது. எனக்கு இன்ன நூலின் இன்ன பாத்திரம் பற்றி ஒரு கதை வேண்டும் என்று ஒருவர் கேட்க, முகம் தெரியாத இன்னொருவர் ஆயிரம் சொல்லுக்குக் குறையாமல் எழுதித் தருவார். கிறிஸ்துமஸ் அன்று கதைகள் வெளிவரும். எழுதியவர் பெயர் புத்தாண்டில்தான் தெரியும். அழகான ஏற்பாடு. ஒரே நிபந்தனை, கேட்கும் நூல் அரிதாக இருக்கவேண்டும். அரிதா இல்லையா என்பதை ஏஓ3 போன்ற இணையக் கிடங்கில் அந்நூலை ஒட்டிக் கிடக்கும் கதைகளை எண்ணி முடிவு செய்கிறார்கள். முடிக்கப்பட்ட, ஓரளவு நீளமான, ஆங்கிலக் கதைகள் சுமார் ஆயிரத்தைத் தாண்டினால் அந்த நூல் வெளியே. ஹாரி பாட்டருக்கும் ஷெர்லக் ஹோம்ஸுக்கும் இது நியாயமான அளவுகோல். தமிழுக்குக் கொண்டுவந்தால் கோமாளித்தனம். இந்தக் கணக்கில் படம் வருவதற்கு முன்புவரை பொன்னியின் செல்வனே அரிய நூல்! அரை நூற்றாண்டாக அதைத் தொடர்ந்து எழுதித் தள்ளிய தமிழ் எழுத்தாளர்கள் யாரும் ஆங்கிலத்தில் எழுதவில்லை, கிடங்கில் ஏற்றவும் இல்லை. அதனால் அவர்கள் எழுதியதெல்லாம் பூஜ்யம்.

தமிழில் இவ்வகை எழுத்தின் பழைய கதையை விரைவாகச் சொல்லிவிடலாம். சிலம்பில் சிறுமியாக வந்துபோகும் மணிமேகலைக்கு ஒரு காப்பியமே எழுந்தது. கம்பன் நிறுத்திய இடத்திலிருந்து உத்தரகாண்டம் எழுந்தது; அதை ஒட்டக்கூத்தர் பெயரில் ஏற்றிச் சொல்வது மரபு. அல்லி அரசாணி மாலையும் பவளக்கொடி மாலையும் இன்னும் துணிச்சலானவை. வியாசர் மதுரையில் இப்படியொரு அரசியை வைக்கவில்லை. ஆண்வாடை பிடிக்காமல் நாடாளும் அல்லியை நம் ஊர்க்காரர்கள் உண்டாக்கி, அர்ச்சுனனை அவள் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பெரிய எழுத்துப் பதிப்பாக அது திருவிழாக் கடைகளில் விற்றது. இருபதாம் நூற்றாண்டுக்கு வந்தால் புதுமைப்பித்தனின் சாபவிமோசனம், எம்.வி. வெங்கட்ராமின் நித்தியகன்னி. எல்லாம் வாசகர் அறிந்தவை. புதுமைப்பித்தனைப் போய் ஃபேன்ஃபிக் என்பதா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். அகலிகையைத் திரும்பவும் கல்லாக்கியது, மூலநூல் தன்னை ஏமாற்றிவிட்டதாகக் கருதிய ஒரு வாசகனின் கோபம்தான்.

இனி பொன்னியின் செல்வன். கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை வந்த தொடர். முடிவில் வாசகர்கள் கேள்விமேல் கேள்வி கேட்க, கல்கி முடிவுரை எழுதிச் சமாதானம் சொல்லவேண்டியிருந்தது. அதே 1954 டிசம்பரில் அவர் காலமானார். அவர் விட்ட இடத்தை அமுதசுரபி ஆசிரியர் விக்கிரமன் நந்திபுரத்து நாயகியில் பிடித்துக்கொண்டார். பின்னால் அனுஷா வெங்கடேஷின் காவிரி மைந்தன், பாலகுமாரனின் உடையார், காலச்சக்கரம் நரசிம்மாவின் சங்கதாரா என்று வரிசை நீண்டது. ஆதித்த கரிகாலன் கொலையில் சம்பந்தப்பட்டவர்களாக ரவிதாசன், சோமன், பரமேசுவரன் என்று உடையார்குடிக் கல்வெட்டு பெயர் சொல்லியும் யாரும் விடுவதாயில்லை. ஆளுக்கொரு கொலையாளியைப் பிடித்து வருகிறார்கள். இதற்கிடையே கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாயின. அதுவரை தி.நகர் தீனதயாளு தெரு வானதி பதிப்பகத்தின் ஐந்து பாகங்களையே நம்பியிருந்தோம். இன்று நந்தனம் புத்தகக் காட்சியில் எந்த வரிசையில் நுழைந்தாலும் வெவ்வேறு அட்டையில் வந்தியத்தேவன் குதிரையில் எதிரே வருகிறான். இதற்குமேல் 2022, 2023-இல் இரண்டு படங்கள். குந்தவை, நந்தினி, வந்தியத்தேவன் மூவரையும் வைத்து இனி ஒரு வரி எழுத இடமிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. எழுதுகிறவர்களும் பெரும்பாலும் ஒருவரை ஒருவர் நகலெடுக்கிறார்கள்.

அதே நூலில் ராக்கம்மாள் என்று ஒருத்தி இருக்கிறாள், நினைவிருக்கிறதா? கோடிக்கரைப் படகோட்டி முருகய்யனின் மனைவி, பூங்குழலிக்கு அண்ணி. பாண்டிய நாட்டு ஆபத்துதவிகளுக்கு ரகசியமாக உதவுகிறவள். புருஷனுக்குத் தெரியாமல் அந்தக் கடற்கரை வீட்டில் அவள் எப்படி வாழ்ந்தாள், எதற்காக அந்தப் பக்கம் போனாள்? இத்தனை தொடர்ச்சிகளில் அவளுக்கென்று ஒரு நல்ல கதையை நான் கண்டதில்லை. பொதுவான நூலுக்குள்ளும் அரியது உண்டு. நூலை எண்ணுகிற கணக்கில் அது விழாது. பாத்திரத்தை எண்ணினால்தான் தெரியும்.

எனக்கு மிகப் பிடித்த கட்டம் அறுபதுகளும் எழுபதுகளும். 1966-இல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் அக்கினிப் பிரவேசம் வந்தது. மழையில் பஸ்ஸுக்கு நின்ற பெண் காரில் ஏறிப் போய்க் கெட்டுத் திரும்புகிறாள். தாய் அவள் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். மயிலாப்பூர், மாம்பலம் வீடுகளில் அதைப் படித்தவர்கள் கொதித்தார்கள். இப்படியா முடிப்பது என்று கேட்டார்கள், வேறு முடிவு சொன்னார்கள். ஜெயகாந்தன் இடத்தில் வேறொருவர் இருந்திருந்தால் வாசகர் கடிதத்துக்குப் பதில் எழுதிவிட்டுப் போயிருப்பார். அவரோ அந்தத் தாய் ஊர் கேட்கக் கூச்சலிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எடுத்துக்கொண்டு சில நேரங்களில் சில மனிதர்களை எழுதினார். அதில் ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர் பத்திரிகையில் எழுதிய கதையாக அக்கினிப் பிரவேசமே வருகிறது. நாயகி கங்கா தன் வாழ்க்கையில் நடக்காத முடிவை அச்சில் வாசிக்கிறாள். தன் கதைக்குத் தானே மாற்றுக்கதை எழுதி, அந்தக் கதையைத் தன் பாத்திரத்தின் கையிலேயே கொடுத்து வாசிக்க வைத்த துணிச்சல் அதற்குமுன் தமிழில் இல்லை. அந்த நாவலுக்கு 1972-இல் சாகித்திய அகாதமி விருதும் கிடைத்தது. தொடர்ச்சியாக கங்கை எங்கே போகிறாள் வேறு. இதை ஃபேன்ஃபிக் பிறப்பதற்கு முந்தைய காலம் என்று தள்ளுகிறவர்களிடம் என்ன பேசுவது?

ஆனால் ஜெயகாந்தனை நம்மவர்கள் வழிபட்டார்கள், வாதாடினார்கள், தொடர்ந்து எழுதவில்லை. கங்காவைக் காரில் ஏற்றிப்போன பிரபுவின் மகள் மஞ்சு, அப்பாவின் சிநேகிதியாக வீட்டுக்குள் வரும் கங்காவை என்னவென்று புரிந்துகொண்டாள்? அவள் பக்கக் கதையை யாரும் தொடவில்லை. ஒரு வகையில் சட்டமும் தடை. ஜெயகாந்தன் 2015-இல்தான் மறைந்தார். காப்புரிமை இன்னும் பல பத்தாண்டு இருக்கும். சுஜாதாவுக்கும் அப்படியே. ஆனால் அவருடைய துப்பறியும் வக்கீல்கள் கணேஷ்-வசந்தை மட்டும் சட்டத்தைப் பார்க்காமல் ஆளாளுக்கு எழுதுகிறார்கள். வசந்தின் அசட்டு ஜோக்கை நகல் செய்வது சுலபம் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை.

துப்பறியும் சாம்புவை எழுதிய தேவனுக்கு அந்தத் தடையும் இல்லை. 1957-இல் மறைந்தவர்; 2018 முதல் யாரும் எடுத்தாளலாம். லஸ் பக்கம் நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளில் விகடன் தாள்களைக் கிழித்து, ஊசிநூல் போட்டுத் தைத்து, காலிகோ முதுகு ஒட்டிய பைண்டுகள் முன்பெல்லாம் நிறையக் கிடைக்கும். அத்தியாயத்தின் பின்பக்கத்தில் தலைவலித் தைல விளம்பரம், ஓரத்தில் வீட்டுக்காரம்மாள் பென்சிலில் போட்ட பால்கணக்கு. சாம்புவை ஒரு தலைமுறை அப்படித்தான் சேர்த்து வைத்தது. ஓவியர் கோபுலு அதைப் படத்தொடராகவும் போட்டார். சாம்பு முட்டாள்; அதிர்ஷ்டம் ஒவ்வொரு வழக்கையும் தானாக முடித்து வைக்கும்; இன்ஸ்பெக்டர் கோபாலனோ அவனை மேதை என்று நம்புவார். மனைவி வேம்புவும் நம்பினாளா? தெரிந்தும் தெரியாததுபோல் குடித்தனம் நடத்தினாளா? இதைவிட நல்ல விதை ஒரு சிறுகதைக்குக் கிடைக்குமா? பாக்கியம் ராமசாமியின் சீதாப்பாட்டிக்கும் இதே கதிதான். பாட்டிகள் முன்னேற்றக் கழகத்தை எல்லோருக்கும் தெரியும். அதில் உறுப்பினரான மற்றப் பாட்டிகளின் வீட்டுச் சண்டையை யாரும் எழுதியதில்லை.

ஆகவே நான் சொல்லும் அளவுகோல் எளிது. கிடங்கில் எத்தனை கதை என்று பார்க்கவேண்டாம். தமிழில் அச்சிலும் மேடையிலும் வந்ததையும் சேர்த்து, இந்தப் பாத்திரத்தை வேறு யாராவது கையில் எடுத்தார்களா என்று பாருங்கள். மூலநூல் புகழ்பெற்றதா இல்லையா என்பது இதில் ஒரு பொருட்டே அல்ல. இந்த அளவுகோலைக் கணினி எண்ணித் தராது, படித்தவர்கள் உட்கார்ந்து சண்டைபோட்டுத்தான் முடிவுசெய்யவேண்டும் என்பது உண்மை. அந்தச் சண்டை நடக்கட்டும், நல்லதுதான்.

வரும் மார்கழியில் இப்படியொரு பரிமாற்றத்தைத் தமிழில் நடத்த நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். குந்தவை, நந்தினி, வந்தியத்தேவன், கணேஷ், வசந்த் ஐவரையும் முதல் ஆண்டு பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். வேம்புவைக் கேட்டு ஒருவராவது எழுதட்டும். எழுதித் தர நான் தயார்.