லாயமும் லயமும்

“உங்க கிண்டிய பூட்டிட்டாங்களாமே மச்சான்? எங்க நுவரெலியாவுல வருசா வருசம் சித்திரைக்குக் குதிர ஓடிக்கிட்டுத்தான் இருக்கு.”

இலங்கையிலிருந்து வைத்தியத்துக்காகச் சென்னை வந்து, பல்லாவரத்தில் எங்கள் வீட்டில் பத்து நாள் தங்கியிருந்த அத்தை மகன் சொன்னது இது. கிண்டி ரேஸ் கோர்ஸுக்கு அரசு சீல் வைத்த செய்தி வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

பல்லாவரத்திலிருந்து ஐந்தாவது ஸ்டேஷன் கிண்டி. என் அம்மாவின் தம்பி முப்பது வருடத்துக்கு மேல் அங்கே சைஸாக இருந்தவர். சைஸ் என்றால் குதிரையைப் பார்த்துக்கொள்பவர். ராத்திரி மூன்றரைக்கு எழுந்து, முதல் ரயிலுக்குக்கூடக் காத்திராமல் சைக்கிள் மிதிப்பார். விடிவதற்குள் லாயத்தைக் கூட்டி, குதிரையை ஓட்டத்துக்கு அனுப்பி, திரும்பி வந்ததும் வியர்வை அடங்கும்வரை கையில் பிடித்து நடத்தி, இரும்புச் சீப்பால் தேய்த்து, குளம்பு நான்கையும் தூக்கிப் பார்ப்பார். காலில் கை வைத்தாலே எந்த நரம்பு சூடு என்று சொல்லிவிடுவார். ஓட்ஸும் கொள்ளும் தவிடும் என்ன அளவு என்பது அவர் கைக்குத் தெரியும். பச்சைத் தீவனத்தைக் குதிரைமசால் என்பார். அந்தப் பேரிலேயே குதிரை இருப்பதில் அவருக்கு ஒரு பெருமை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கிண்டி என்பது வெறும் பந்தயம் அல்ல, அது ஒரு தொழில். சைஸ், லாடம் அடிப்பவர், கால்நடை மருத்துவர், புல் வண்டிக்காரர், டிரெய்னர், ஜாக்கி, டிக்கெட் கவுன்டரில் உட்காருபவர், வாசலில் ரேஸ் புக் விற்பவர் என்று எத்தனை வீட்டு அடுப்பு அதில் எரிந்தது! 1777-ல் தொடங்கியது, இந்தியாவிலேயே பழைய ரேஸ் கோர்ஸ். மெட்ராஸ் ரேஸ் கிளப் அமைந்தது 1896-ல். நுவரெலியாவில் திடல் வந்தது 1875-ல்தான். கிண்டிக்குக் கிட்டத்தட்ட நூறு வயது இளையது.

திடல் என்று எழுதியதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நாம் ரேஸ் கோர்ஸ் என்றே சொல்லிவிடுகிறோம். அங்கே பத்திரிகையில் ‘குதிரைப் பந்தயத் திடல்’ என்று அழகாகப் போடுகிறார்கள். நம் ஜாக்கி அங்கே ‘ஜொக்கி’. நம் ஏரி அங்கே ‘வாவி’. பரிசுக்கு நாம் கோப்பை என்போம், அவர்கள் கிண்ணம் என்பார்கள். ‘ஆளுநர் கிண்ணம்’ என்று முதலில் கேட்டபோது பாயசக் கிண்ணம்தான் என் கண்ணில் வந்தது. ஆனால் யாழ்ப்பாணத்துக்காரரிடம் கோப்பை என்றால் சோறு போட்டுச் சாப்பிடும் தட்டு. யார் யாரைப் பார்த்துச் சிரிப்பது?

நுவரெலியாவுக்கு நான் ஒரு சித்திரையில் போயிருக்கிறேன். கிரெகரி வாவிக்குப் பக்கத்தில் திடல். பனி இறங்கி, எதிர்ப்பக்கம் ஓடும் குதிரைகள் மறைந்து மறைந்து தெரிந்தன. அழகு, மறுக்கவில்லை. புத்தாண்டு விடுமுறைக்குக் கொழும்பே மலையேறி வந்த மாதிரிக் கூட்டம். தொப்பி வைத்த பெண்கள், பாய் விரித்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடும் குடும்பங்கள். கிண்டியில் நான் குடும்பமாக வந்தவர்களைப் பார்த்தது குறைவு. இங்கே ரேஸுக்குப் போகிறவன் என்றால் பெண் கொடுக்க யோசிப்பார்கள். இதில் அவர்கள் நம்மைவிட மேல் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் அது வசந்த காலத் திருவிழா. அதற்கு இணை சொல்ல வேண்டுமானால் ஊட்டியைச் சொல்ல வேண்டும். அங்கேயும் மலை, ஏப்ரலில் தொடங்கும் சீசன், குளிர். ஊட்டியின் குத்தகை 1978-லேயே முடிந்து, 2024 ஜூனில் அரசு அந்த நிலத்தை எடுத்துக்கொண்டது. கிண்டிக்கு இணை கொழும்புதான். ரீட் அவென்யூவில் 1893 முதல் குதிரைகள் ஓடிய பெரிய திடல் அது. 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பைத் தாக்க வந்தபோது, அந்தப் புல்வெளியிலிருந்தும் பிரிட்டிஷ் ஹரிக்கேன் விமானங்கள் எழும்பின. அப்படிப்பட்ட இடத்தில் 1956-ல், பண்டாரநாயக்க ஆட்சியில், பந்தயம் நின்றுபோனது. இப்போது அங்கே ரக்பி ஆடுகிறார்கள், சுற்றிக் கடைகள். அத்தை மகன் பிறப்பதற்கு முன்பே அவர்களுடைய கிண்டி போய்விட்டது.

நம்முடையதை மட்டும் சும்மா விட்டார்களா என்றால் இல்லை. 1974-ல் கலைஞர் ஆட்சி பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. கூலியைக் கட்டிவிட்டு வெறுங்கையோடு வீடு போனவர்களை நினைத்தால் அதற்கும் காரணம் இருந்தது. எங்கள் தெருவிலேயே அப்படி இரண்டு குடும்பம் உண்டு. 1986-ல் கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம். வழக்கு ஏறி இறங்கி, 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது: குதிரைப் பந்தயம் சூதாட்டம் அல்ல, திறமை சார்ந்த ஆட்டம். இதைச் சொல்லும்போது மாமாவின் குரல் இன்றும் நிமிரும். அவர் கை வைத்துப் பார்த்த கால்களுக்குக் கிடைத்த தீர்ப்பு அல்லவா! இலங்கையிலோ ஊருக்கு ஊர் கடை வைத்து, இங்கிலாந்தில் ஓடும் குதிரைக்குப் பணம் கட்டுகிறார்கள். குதிரையின் முகத்தையே பார்க்காமல் கட்டுவதில் என்ன திறமை இருக்க முடியும்? கிண்டியில் பணம் கட்டுகிறவன் முதலில் வேலி ஓரம் நின்று, குதிரை நடப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கவுன்டருக்குப் போவான்.

பிறகு 2024 செப்டம்பர். 1945-ல் 99 வருடத்துக்குக் கொடுத்த குத்தகையை ரத்து செய்து, 730 கோடி ரூபாய் வாடகைப் பாக்கி என்று 160 ஏக்கரையும் அரசு கையில் எடுத்தது. வழக்கு நடந்தது. வேளச்சேரி வெள்ளத்துக்கு வடிகாலாக உள்ளே குளம் வெட்டினார்கள். தென்சென்னையில் இருப்பவன், வெள்ளத்தில் இடுப்பளவு நின்றவன், குளம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன்? லாயத்தில் வேலை பார்த்தவர்களையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

இதையெல்லாம் அத்தை மகனிடம் கொட்டிவிட்டு, “நாங்க லாயத்துல வளர்ந்த குடும்பம்டா” என்றேன். அவன் முகம் மலர்ந்தது. “நாங்களும் லயம்தான் மச்சான். ஒங்க அப்பாவும் எங்க லயத்துல பொறந்தவர்தானே?”

அவன் சொன்னது தேயிலைத் தோட்டத்து லயம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒற்றை அறை வீடுகள். ‘லைன்’ என்ற ஆங்கிலச் சொல் அப்படி ஆகிவிட்டது. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் எழுபதுகளில் ‘ராமானுஜம்’ கப்பலேறி ராமேஸ்வரம் வந்தவர் என் அப்பா. அத்தை அங்கேயே தங்கிவிட்டாள். அப்பா கடைசிவரை கிண்டிப் பக்கம் போனதில்லை. துரைமார்கள் குதிரையில் வந்து தோட்டத்தைப் பார்த்ததைத் தன் தாத்தா சொல்லக் கேட்டவர். குதிரைச் சத்தம் கேட்டால் எழுந்து நிற்கத் தோன்றுகிறது என்பார். நான் பல்லாவரத்தில் பிறந்தவன். எனக்கு அப்படித் தோன்றியதில்லை.

மறுநாள் அவனை மாமாவிடம் அழைத்துப் போனேன். மாமா பெட்டியைத் திறந்து ஒரு பந்தய லாடத்தை எடுத்துக் கொடுத்தார். அலுமினியம், காகிதம் போலக் கனமில்லை. ஓரம் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. அத்தை மகன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, “எங்க ஊர்ல ஓடுறதும் இந்தியாக் குதிரைங்கதான் மாமா, இங்கருந்துதான் வருது” என்றான். என்னிடம் அவன் அதைச் சொல்லவே இல்லை.

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். “அந்தக் குளிர்ல போர்வை போடுறாங்களா தம்பி? கொள்ளு கிடைக்குதா அங்க?”

அவனுக்குத் தெரியவில்லை. ஊருக்குப் போனதும் கேட்டுச் சொல்வதாகச் சொன்னான்.