கீவர் சுரங்கம்: தண்ணீருக்கு மேலே இருக்கிற பாதி

ஈயச்சொம்பு ரசம் என்றால் நம்ம வீடுகளில் தனி மரியாதை. அந்த ஈயம் உண்மையில் வெள்ளீயம். அதை மண்ணுக்கடியிலிருந்து எப்படி எடுக்கிறாங்கன்னு நான் யோசித்ததே இல்லை, இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில் பெண்டீன் ஊரருகே இருக்கும் கீவர் சுரங்க அருங்காட்சியகத்தைப் பார்க்கும்வரை.

கதை சுருக்கமாக இதுதான். வெள்ளீய விலையைத் தாங்கிப் பிடித்துவந்த சர்வதேச வெள்ளீயக் கவுன்சில் 1985 அக்டோபரில் பணமில்லாமல் கைவிரித்தது. விலை சரிந்தது. தள்ளாடிய கீவர் 1990இல் மூடப்பட்டது. 1993இல் அருங்காட்சியகமாகத் திறந்தது.

இங்கே மிகச் சிறப்பான இடம் 'டிரை' எனப்படும் உடை மாற்றும் கூடம். வேலை உடைகள், பூட்ஸ், தலைக்கவசங்கள் எல்லாம் தொழிலாளர்கள் விட்டுப்போன மாதிரியே இருக்கின்றன. விளக்கப் பலகையே தேவையில்லை. தாது பிரிக்கும் ஆலையும் நன்றாகப் புரிகிறது. ஆடும் மேசைமேல் தண்ணீர் ஓடும்போது கனமான தாது தங்கும், லேசான கல்தூள் அடித்துப்போகும். நாம் அரிசியில் கல் அரிக்கிற அதே கணக்குதான். என்ன, இங்கே வேண்டியது அடியில் தங்குவது!

என் குறை நிலத்தடிச் சுற்றில்தான். நம்மை அழைத்துப்போவது 'வீல் மெக்சிகோ' என்ற 18ஆம் நூற்றாண்டுச் சுரங்கத்துக்கு. 1990வரை ஆட்கள் இறங்கி உழைத்த, கடலுக்கடியில் நீளும் ஆழமான பகுதிகள் பம்புகள் நின்றபின் நீரில் மூழ்கிவிட்டன. இதை யாரும் மறைக்கவில்லை. ஆனாலும் கவசம் மாட்டிக் குனிந்து நடந்து வெளியே வந்ததும் "சுரங்கத்தைப் பார்த்தாச்சு" என்ற திருப்தி வந்துவிடுகிறது. அந்தத் திருப்திதான் பிரச்சினை. ஆலையின் இரைச்சல், ஆழத்தின் வெக்கை, நெஞ்சில் இறங்கிய தூசி எதையும் அங்கே காட்டிவிட முடியாது. பக்கத்து லெவன்ட் சுரங்கத்தில் 1919 அக்டோபர் 20 அன்று, ஆட்களை ஏற்றி இறக்கும் இயந்திரம் உடைந்து 31 பேர் இறந்தார்கள். அந்தப் பயத்தையும் கண்ணாடிப் பெட்டியில் வைக்க முடியாது.

அந்த இடைவெளியை நிரப்புவது மனிதர்கள். வழிகாட்டிகளில் அங்கேயே வேலை பார்த்தவர்களும் உண்டு. இரும்புக்குத் துருப்பிடிக்காமல் எண்ணெய் போடலாம். மூடி முப்பது வருஷத்துக்கு மேலாச்சு, இவர்களுக்கு என்ன போடுவது?

போறவங்க படம் எடுப்பதைக் கொஞ்சம் குறைச்சுக்கிட்டு, "கடைசி நாள் வேலை முடிஞ்சு மேலே வந்தப்போ என்ன பேசிக்கிட்டீங்க?" என்று ஒருவரிடமாவது கேளுங்க.