தெரியாத பாதி

"மாமா, இது நிஜமா, இல்ல ஏஐயா?"

கேட்டது அக்கா மகள். வயது பத்து. என் லேப்டாப் திரையில் நாங்கள் இருவரும் சனிக்கோளின் வளையங்களுக்கு மேலே மிதந்துகொண்டிருந்தோம். 'நிஜம்தான்' என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். சனியின் இடம் கணக்குப் போட்டு வந்தது. அதன் நிறமும் வளையமும் விண்கலங்கள் எடுத்த படங்களிலிருந்து செய்தவை. பின்னால் இருக்கும் நட்சத்திரங்கள் ஒரு பட்டியலிலிருந்து வந்தவை. ஆனால் நாங்கள் நின்ற அந்த இடத்தில், அந்தக் கோணத்தில், எந்தக் கேமராவும் இருந்ததில்லை.

"பாதி நிஜம்" என்றேன்.

"எந்தப் பாதி?"

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கானது.

அவளுக்கு நான் காட்டிய மென்பொருள் செலஸ்டியா. கிறிஸ் லாரல் என்பவர் 2001ல் வெளியிட்டது. இலவசம். மூலநிரல் திறந்தே கிடக்கிறது, யாரும் எடுத்துத் திருத்தலாம். நான் பொறியியல் படித்த காலத்தில் ஹாஸ்டலில் பென் டிரைவ் வழியாக அறை அறையாகப் பரவியது. பாதிப் பேர் ஒரு ராத்திரி விளையாடிவிட்டு அழித்துவிட்டார்கள். காரணம் எளிது: சுடுவதற்கு எதுவும் இல்லை, ஜெயிப்பதற்கும் எதுவும் இல்லை. போகலாம், பார்க்கலாம், திரும்பலாம். அவ்வளவுதான். நான் அழிக்கவில்லை. இருபது வருஷம் ஆகப்போகிறது, லேப்டாப் மாறும்போதெல்லாம் முதலில் நிறுவும் நாலைந்து விஷயங்களில் அதுவும் ஒன்று.

ஒரு நாவலை விமர்சிப்பதுபோல் ஒரு மென்பொருளை விமர்சிக்க முடியுமா என்று கேட்கலாம். முடியும் என்றே நினைக்கிறேன். எதைக் காட்டுவது, எதை மறைப்பது, வாசகரை எங்கே நிறுத்துவது என்ற முடிவுகளை நாவலாசிரியர் எடுக்கிறார். பிரபஞ்சத்தைக் காட்டும் மென்பொருளை எழுதுபவரும் அதே முடிவுகளைத்தான் எடுக்கிறார். என்ன, இவருக்கு ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. இவர் சொல்லும் கதையின் பெரும்பகுதி யாருக்குமே தெரியாது.

முதலில் வேகத்தைப் பார்ப்போம். செலஸ்டியாவில் விசைப்பலகையின் மேல்வரிசை விசைகள்தான் கியர். எஃப்2 அழுத்தினால் நொடிக்கு 1 கிலோமீட்டர். எஃப்3க்கு 1000 கிலோமீட்டர். எஃப்4 ஒளியின் வேகம். எஃப்7 நொடிக்கு ஓர் ஒளியாண்டு. எல்லோரும் நேராக எஃப்7க்குப் போவார்கள், நானும் அப்படித்தான். நட்சத்திரங்கள் இருபுறமும் ஓடும், புல்லரிக்கும். ஆனால் இந்த மென்பொருள் எனக்குக் கற்றுக்கொடுத்தது எஃப்4ல்தான். பூமியருகே நின்று, சூரியனைப் பார்த்துத் திரும்பி, எஃப்4 அழுத்துங்கள். இயற்கையில் அதைவிட வேகம் கிடையாது. ஆனாலும் திரையில் முதலில் எதுவுமே நடக்காது. சூரியன் பெரிதாகிற மாதிரியே இருக்காது. எட்டு நிமிஷம் இருபது நொடி காத்திருக்க வேண்டும். டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்துவிடலாம்.

'சூரிய ஒளி நம்மை அடைய எட்டு நிமிடம்' என்று பள்ளியில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அந்த எட்டு நிமிடத்தை உட்கார்ந்து அனுபவித்தது ஹாஸ்டலில்தான். சினிமாவில் விண்கலம் கிளம்பும், வெட்டி அடுத்த காட்சியில் இறங்கும். செலஸ்டியாவில் அந்த வெட்டு இல்லை. வேண்டுமானால் நீங்கள் எஃப்7 அழுத்தி ஏமாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஏமாற்றியது நீங்கள்தான் என்பது உங்களுக்குத் தெரியும்.

அடுத்தது நட்சத்திரங்கள். நான் கல்லூரியில் பயன்படுத்திய செலஸ்டியாவின் வானம் பெரும்பாலும் ஹிப்பார்கோஸ் என்ற செயற்கைக்கோள் தந்தது. ஐரோப்பிய விண்வெளி முகமை 1989ல் ஏவியது. ஒரு மோட்டார் எரியாமல், போக வேண்டிய சுற்றுப்பாதைக்கே போகவில்லை. மாட்டிக்கொண்ட நீள்வட்டத்தில் சுற்றியபடியே 1993 வரை வேலையை முடித்தது. 1997ல் வெளியான பட்டியலில் 1,18,218 நட்சத்திரங்கள்.

அது தூரத்தை அளந்த விதம் நமக்கெல்லாம் தெரிந்த வித்தைதான். விரலை முகத்துக்கு முன்னால் நீட்டி ஒரு கண்ணை மூடுங்கள், பிறகு மறு கண்ணை. விரல் இடம் மாறுவதுபோல் தெரியும். விரல் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு குறைவாக நகரும். இரண்டு கண்களுக்குப் பதில், பூமி சூரியனுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கும் ஆறு மாத இடைவெளி. நடுவில் 30 கோடி கிலோமீட்டர். அப்படியும் நட்சத்திரத்தின் நகர்வு மயிரிழையிலும் குறைவு. ஒரு டிகிரியை 3600ஆல் வகுத்து, அதை மறுபடி ஆயிரத்தால் வகுத்தால் வரும் கோணம்தான் ஹிப்பார்கோஸின் துல்லியம். பிரமாதம்தான். ஆனால் சில நூறு ஒளியாண்டுகளைத் தாண்டினால் அளவும் பிழையும் கைகோத்துக்கொள்ளும்.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, கார்த்திகையில் பார்த்தேன். நம் ஊரில் ஆறுமீன் என்று பாட்டிகள் காட்டும் அதே கார்த்திகைக் கூட்டம். மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் குட்டிக்கொத்து. எஃப்7ல் ஏழு நிமிஷம் போனால் வந்துவிடும். போய், பக்கவாட்டில் விலகி நின்று திரும்பிப் பார்த்தேன். கொத்தைக் காணோம். நட்சத்திரங்கள் நீளவாக்கில் இழுபட்டுக் கிடந்தன. அந்த நீளம் நேராகச் சூரியனைக் குறிபார்த்திருந்தது.

பிரபஞ்சத்தில் ஒரு நட்சத்திரக் கூட்டம் எதற்காக நம் வீட்டை நோக்கி விரல் நீட்ட வேண்டும்? வேண்டியதில்லை. வானத்தில் இடவலமாக ஒரு நட்சத்திரம் எங்கே இருக்கிறது என்பதை நம்மால் கச்சிதமாகச் சொல்ல முடியும். எவ்வளவு ஆழத்தில் என்பதில்தான் தடுமாற்றம். ஒரே கூட்டத்தைச் சேர்ந்த ஆறு பேரின் தூரத்திலும் ஆளுக்கு ஒரு பிழை. அந்தப் பிழையைத் தேய்த்து மழுப்பாமல் அப்படியே முப்பரிமாணத்தில் போட்டால், நம்மை நோக்கிய கோடு வருகிறது. நான் பார்த்தது கார்த்திகையை அல்ல. நம் அளவுகோலின் நடுக்கத்தை.

கார்த்திகையின் தூரம் பின்னாளில் வானியலில் ஒரு சண்டையாகவே இருந்தது. ஹிப்பார்கோஸ் சுமார் 390 ஒளியாண்டு என்றது, மற்ற முறைகள் 440 என்றன. கடைசியில் 2013ல் ஏவப்பட்ட கையா விண்கலம் 440ன் பக்கம் நின்றது. கையா அளந்தது நூறு கோடிக்கும் அதிகமான நட்சத்திரங்களை. அந்தத் தரவோடு பறக்க வேண்டுமென்றால் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் உருவான கையா ஸ்கை இருக்கிறது. அதுவும் இலவசம்.

அளவில் பிழை இருந்தால் இப்படி. அளக்கவே இல்லையென்றால்?

கல்லூரி நாட்களில் செலஸ்டியாவில் புதன் கோளைச் சுற்றி வந்திருக்கிறேன். முழுக் கோளமும் பள்ளம் பள்ளமாக இருந்தது. அந்தச் சமயத்தில் மனிதர்கள் புதனில் பார்த்திருந்தது பாதிக்கும் குறைவு என்பது எனக்குத் தெரியாது. 1974–75ல் மேரினர் 10 எடுத்த படங்களோடு சரி. 2008ல் மெசஞ்சர் விண்கலம் கடந்துபோகும்வரை மறுபக்கம் சரியாகத் தெரியாது. நான் சுற்றிவந்த அந்த மறுபாதி யாரோ பொறுமையாக வரைந்தது. அதுபோல யுரேனஸின் நிலவுகள். 1986 ஜனவரியில் வாயேஜர் 2 போனபோது வெயில் அடித்தது தென்பாதியில் மட்டும். வடபாதி இருட்டு. அதற்குப் பிறகு அங்கே எந்த விண்கலமும் போகவில்லை.

இங்கேதான் செலஸ்டியாவில் எனக்கு மிகப் பிடித்த விஷயம் வருகிறது. சில கோள்கள், நிலவுகள் மேல் வலது கிளிக் செய்தால் மாற்று மேற்பரப்பு என்று ஒரு பட்டி விரியும். அதில் ஒரு தெரிவு: 'லிமிட் ஆஃப் நாலெட்ஜ்'. அறிவின் எல்லை. அதைத் தேர்ந்தால், பார்க்கப்பட்ட பகுதி மட்டும் இருக்கும். மற்றது வெறுமையாகிவிடும்.

ஒரு மென்பொருளில் இப்படி ஒரு பொத்தானை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

என் தொழிலில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. தரவுத்தளத்தில் 'நல்' என்பது வேறு, பூஜ்யம் என்பது வேறு. பூஜ்யம் என்றால் அளந்தோம், ஒன்றுமில்லை. 'நல்' என்றால் தெரியாது. முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் அறிக்கையில் காலிக் கட்டங்கள் அசிங்கமாகத் தெரிகின்றன என்றார்கள். எல்லா 'நல்'லையும் சராசரி மதிப்பால் நிரப்பினேன். வரைபடம் வழவழவென்று வந்தது, பாராட்டும் கிடைத்தது. மூன்று மாதம் கழித்து, அளக்கவே அளக்காத ஓர் எண்ணை நம்பி எடுத்த முடிவைத் திருப்பி எடுக்க வேண்டி வந்தது. நிரப்பியது நான்தான். காலிக் கட்டம் யாரையும் ஏமாற்றியிருக்காது.

ஸ்பேஸ்எஞ்சின் என்றொரு மென்பொருள் உண்டு. ரஷ்யாவின் விளாதிமிர் ரோமன்யுக் உருவாக்கியது. நீண்ட காலம் இலவசமாக இருந்து, 2019ல் விலைக்கு வந்தது. அழகில் செலஸ்டியா அதன் பக்கத்தில் நிற்க முடியாது. பட்டியல் முடிந்த இடத்தில் அது நிறுத்துவதில்லை. கணித விதிகளைக் கொண்டு தானே நட்சத்திரங்களை, கோள்களை, மலைகளைப் படைத்துக்கொண்டே போகும். இதைப் பொய் என்று ஒதுக்குவது நியாயமில்லை. தான் படைத்த நட்சத்திரங்களின் பெயருக்கு முன்னால் ஆர்எஸ் என்று போட்டுவிடுகிறது, தெரிந்தவர்கள் பிரித்துக்கொள்ளலாம். ஆனால் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரு கற்பனைக் கோளின் சூரிய உதயம் நெஞ்சை அடைக்கும், அது கற்பனை என்பது மூலையில் சின்ன எழுத்தில் இருக்கும். நெஞ்சு எழுத்தை வாசிப்பதில்லை.

சரி, செலஸ்டியா யோக்கியமா? முழுக்க இல்லை. அந்த அறிவின் எல்லை வலது கிளிக்குக்குள் ஒளிந்திருக்கிறது. தானாகத் திறப்பது நிரப்பப்பட்ட முகம். பல வருஷம் பயன்படுத்தியும் நான் அதைத் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன். காலத்தை ஒரு லட்சம் ஆண்டு முன்னால் ஓட்டினால் கோள்கள் சுழலும், ஆனால் நட்சத்திரங்கள் ஆணியடித்த மாதிரி நிற்கும். நிஜத்தில் அவை நகர்ந்து, இன்றைய விண்மீன் உருவங்கள் கலைந்திருக்கும். ஒளிவேகத்தில் போகும்போது வானம் எப்படி மாறும் என்பதையும் அது காட்டுவதில்லை. ஓர் எஞ்சினியராக இவற்றை மன்னிக்கிறேன். தானாகத் திறக்கும் முகத்தை மட்டும் மன்னிக்க மனம் வரவில்லை. ஒரு மென்பொருளின் நேர்மை அமைப்புப் பட்டியில் இருப்பதல்ல, திறந்தவுடன் இருப்பது.

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போனபோது லேப்டாப்பைத் திறந்தேன். யுரேனஸின் ஏரியல் நிலவுக்குப் போனோம். முழுதாகத்தான் இருந்தது. வலது கிளிக் செய்து அறிவின் எல்லையைத் தேர்ந்தேன். பள்ளங்களும் பிளவுகளும் ஓரிடத்தில் சட்டென்று நின்றன. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

"என்ன மாமா, லோட் ஆகலயா?"

"இல்லடா. இதுக்கு மேல யாரும் பாத்ததில்ல."

"யாருமேவா?"

"யாருமே."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு மவுஸை என் கையிலிருந்து வாங்கி, நிலவைத் திருப்பி, அந்த வெறுமையான பக்கத்தைத் திரைக்கு நடுவில் கொண்டுவந்து வைத்தாள். இருந்த பக்கத்தை அவள் திரும்பப் பார்க்கவே இல்லை.