சப்ரகமுவ மழைக்கு எந்த இயர்பட்ஸ்?

இயர்பட்ஸ் பெட்டியின் முன்பக்கத்தில் பெரிதாக அச்சடித்திருப்பது பேஸும் டிரைவர் அளவும் பேட்டரி மணிக்கணக்கும். எட்டியாந்தோட்டையிலோ இறக்குவானையிலோ ஒரு தோட்டத்தில் இருந்துகொண்டு பாவிக்கப் போகிறவர் பெட்டியைத் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் இருப்பதைத்தான் முதலில் வாசிக்க வேண்டும். ஐபிஎக்ஸ்4, ஐபிஎக்ஸ்5, ஐபி54 என்று நீர்க்காப்பு எண் ஏதாவது போட்டிருக்கிறதா? போட்டிருக்காவிட்டால் எவ்வளவு விலை குறைத்தாலும் அது வேண்டாம். இரத்தினபுரியில் வருடத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. மழை விட்ட நாளிலும் துணி காயாத ஊர் நம்முடையது.

மழைக்காலத்தில் நான் மாறி மாறிப் பாவித்தது இரண்டு சோடி. ஒன்று சவுண்ட்கோர் ஆர்50ஐ, மற்றது ஜேபிஎல் வேவ் பீம். முதலாவது ஐபிஎக்ஸ்5, அதாவது குழாயிலிருந்து பீச்சும் தண்ணீரைத் தாங்கும். இரண்டாவது ஐபி54, எந்தப் பக்கமிருந்து தெறிக்கும் தண்ணீரையும் தாங்கும், தூசியையும் ஓரளவு தடுக்கும். கொழுந்து மலையில் தூறலுக்கோ, பால்வெட்டுக்குப் போகிற வழியில் இலையிலிருந்து சொட்டும் தண்ணீருக்கோ இரண்டுமே போதும். ஆனால் ஐபி எண் காதில் வைக்கும் துண்டுக்குத்தான். சார்ஜ் ஏற்றும் கேஸுக்குப் பெரும்பாலும் அந்தக் காப்பு கிடையாது. வேவ் பீமின் கேஸுக்கு ஐபிஎக்ஸ்2 இருக்கிறது, அதுவும் மேலிருந்து சொட்டும் நீருக்கு மட்டும். நனைந்த பட்ஸை அப்படியே கேஸுக்குள் போட்டு மூடுவதுதான் இங்கே அதிகமான சோடிகளைக் கொல்கிறது. உள்ளே இருக்கும் சின்னச் சின்ன உலோக முனைகளில் ஈரம் தங்கி, சில மாதத்தில் பச்சை பூக்கும். பிறகு ஒரு பக்கம் மட்டும் சார்ஜ் ஏறாது. வீட்டுக்கு வந்ததும் பட்ஸைத் துடைத்து, ரப்பர் முனையைக் கழற்றி, காற்றாட வைத்துவிட்டுப் பிறகு கேஸில் போடுங்கள். கேஸை ஒரு பொலித்தீன் பையில் சுற்றி வைப்பது நல்லது.

மழையில் இன்னொரு தொல்லை, தொட்டு இயக்கும் முறை. ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் அதுவும் பட்ஸுக்கு விரல்தான். பாட்டு தானாக நிற்கும், அடுத்ததற்குத் தாவும், கோல் கட்டாகும். ரப்பர் பால் காய்ந்து தோல் போல ஒட்டிய விரலால் தட்டினால் சில நேரம் உணராது, சில நேரம் இரண்டு தட்டாக எடுத்துக்கொள்ளும். ஆர்50ஐயில் செயலிக்குள் போய் எந்தத் தட்டு எதற்கு என்பதை மாற்றிக்கொள்ளலாம். நான் ஒற்றைத் தட்டை எடுத்துவிட்டு மற்றதை மட்டும் வைத்தேன். தூறலில் தொல்லை நன்றாகக் குறைந்தது. அழுத்தும் பொத்தான் உள்ள மாடல் கிடைத்தால் வெளிவேலைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுக்கலாம்.

இனிச் சொல்லப்போவது எனக்கு மிக முக்கியம். சிலிக்கோன் முனை உள்ள பட்ஸ் காதை அடைக்கிறது. கொழும்பில் அது வசதி. மலையில் குளவி கலைந்தால், பக்கத்து நிரையில் நிற்பவர் போடும் கூச்சல்தான் நமக்கு முதல் எச்சரிக்கை. இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு பாட்டுக் கேட்பவருக்கு அது விழாது. இரவில் இன்னும் பயம். 2016 மே 17 அன்று அரநாயக்கவில் சாமசர மலை சரிந்ததை நம் மாகாணம் மறக்கவில்லை. அதே நாள் புளத்கொஹுபிட்டிய களுபஹனவிலும் மண் சரிந்து தோட்டத்து மக்கள் மாண்டார்கள். அடைமழை இரவில் பட்ஸோடு தூங்குவதை நம் பிள்ளைகள் அடியோடு விட வேண்டும். மரம் முறியும் சத்தமும், கல் உருளும் சத்தமும், லயத்துக் கோடியிலிருந்து கூப்பிடும் குரலும் காதில் விழ வேண்டும்.

பகலில் ஒரு காதில் மட்டும் போடுங்கள். இப்போது வரும் சோடிகளில் பெரும்பாலானவை ஒற்றையாகவும் வேலை செய்யும். ஒன்று காதில் இருக்க மற்றது கேஸில் சார்ஜ் ஏறும், பேட்டரியும் இரட்டிப்பு நேரம் வரும். வெளிச்சத்தத்தை மைக் வழியாக உள்ளே விடும் வசதி வேவ் பீமில் இருக்கிறது, ஆர்50ஐயில் இல்லை. வீதியோரம் நடக்க அது உதவும். ஆனால் காற்றும் மழையும் சேர்ந்தால் எந்த மைக்கும் இரைச்சலைத்தான் அள்ளித் தரும், அதனால் ஒற்றைக் காது முறையையே நான் நம்புகிறேன்.

சத்தத்தை அடக்கும் ஏஎன்சி வேண்டுமா? அவிசாவளை வழியாக வாரம் ஒருமுறை கொழும்பு போய்வருகிற பிள்ளைகளுக்கு வேண்டும். பஸ் எஞ்சினின் ஒரே சீரான உறுமலை அது நன்றாகக் குறைக்கும். அப்போது வொலியூமைக் கூட்டத் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனம் 80 டெசிபெலில் வாரத்துக்கு 40 மணி நேரம்வரை கேட்கலாம் என்கிறது. 90 டெசிபெலில் அது 4 மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது. பஸ் ஸ்பீக்கரில் ஓடும் பாட்டை மீறி நம் பாட்டைக் கேட்க முயல்கிறவர் இந்த எல்லையைச் சுலபமாகத் தாண்டுவார். தகரக் கூரையில் மழை விழும் சத்தத்துக்கு மட்டும் ஏஎன்சியால் பெரிய பயனில்லை. அதைத் தடுப்பது காதுக்குச் சரியாகப் பொருந்திய ரப்பர் முனைதான். பெட்டியில் வரும் மூன்று அளவையும் போட்டுப் பாருங்கள். இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்தாமலும் போகலாம்.

பெட்டியில் ஈஎன்சி என்று இருந்தால் அதை ஏஎன்சி என்று நினைத்து வாங்கிவிட வேண்டாம். ஈஎன்சி நமக்குக் கேட்பதை மாற்றாது. நம் குரல் மறுமுனைக்குப் போகும்போது சுற்றுச் சத்தத்தை வடிகட்டும், அவ்வளவுதான். ஆனாலும் அம்மா குவைத்திலோ சவூதியிலோ வேலை செய்கிற வீடுகளுக்குக் கோலில் குரல் தெளிவாகப் போவதுதான் பாட்டைவிடப் பெரிய விஷயம்.

ரேடியோ கேட்பவர்கள் பழைய வயர் ஹேண்ட்ஸ்ஃப்ரீயைத் தூக்கி எறியாதீர்கள். போனில் இருக்கும் எஃப்எம்முக்கு அந்த வயர்தான் அன்டெனா. பட்ஸை மட்டும் இணைத்தால் சக்தியும் சூரியனும் தென்றலும் வராது. இணையத்தில் கேட்கலாம், ஆனால் டேட்டா போகும், பள்ளத்தில் சிக்னலும் விட்டு விட்டு வரும்.

விலைக்கு வருவோம். 2024 செப்டம்பரில் தோட்டத்து அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. அந்தக் கணக்கில் ஏழாயிரம் ரூபாய்ச் சோடி என்றால் ஐந்து நாளுக்கு மேல் பேர் விழ வேண்டியிருந்தது. அதனால்தான் நடைபாதையில் பெரிய கம்பெனிப் பெயரோடு மலிவாக விற்கும் நகல்களை நம் பிள்ளைகள் வாங்குவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. பெயரே போலி என்றால் ஐபி எண்ணும் வெறும் அச்சுத்தான். ஆறு மாத, ஒரு வருட வாரண்டி எழுதித் தருகிற டவுன் கடையில் நடுத்தர விலைக்கு எடுப்பதே இலாபம். தொலைந்த ஒரு பக்கத்தை மட்டும் தருவார்களா என்றும் கேளுங்கள். தேயிலைத் தூருக்குள் விழுந்தது அவ்வளவு சீக்கிரம் அகப்படாது.

காசைக் கொடுக்கும் முன் கடையிலேயே போனில் இணைத்து, வாசலுக்கு வந்து, பஸ் போகும் நேரம் பார்த்து வீட்டுக்கு ஒரு கோல் எடுங்கள். அந்தப் பக்கம் "எங்க நிக்கிற, ஒன்னும் வெளங்கல" என்று கேட்டால் அடுத்த சோடியைக் காட்டச் சொல்லுங்கள்.