பொறியும் பொருளும்: பல்லூடகப் பொருள்கோள் ஆய்வுகள் பற்றிய ஒரு மதிப்பீடு

படம், ஒலி, எழுத்து ஆகியன விரவிவரும் தகவற் பரப்பினின்றும் பொருளைப் பிரித்தெடுக்கும் ஆய்வு, கணனியியலின் முக்கிய கிளைகளுள் ஒன்றாக வளர்ந்துள்ளது. அதன் வேகத்தையும் திறனையும் பற்றிப் பெரிதும் பேசப்படுகின்றது. ஆயின், அது கையாளும் ‘பொருள்’ என்னும் எண்ணக்கரு போதிய அளவு விசாரணைக்கு உட்படுத்தப்பட்டதாகத் தெரியவில்லை. பொருள்கோளையே தொழிலாகக் கொண்ட இலக்கியத் திறனாய்வு இவ்விடயத்தில் வாளாவிருத்தல் பொருத்தமன்று. ‘பிரித்தெடுத்தல்’ என்ற சொல்லே ஒரு கொள்கையை உள்ளடக்கி நிற்கின்றது. எள்ளினுள் எண்ணெய் உறைவதுபோலப் படத்தினுள் பொருள் உறைகின்றது. ஏற்ற செக்கு இருப்பின் அதனை ஆட்டி எடுத்துவிடலாம் என்பதே அக்கொள்கை. இத்துறையின் சிறந்த ஆய்வுகளே இக்கொள்கையைப் பொய்ப்பித்துள்ளன என்பதையும், அவ்வுண்மையை மறப்பதனால் விளையும் தீங்கினையும் எடுத்துக்காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1990களில் ஐபீஎம் நிறுவனம் உருவாக்கிய ‘கியூபிக்’ என்னும் தொகுதி, நிறம், இழையமைவு, உருவம் ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்டு படங்களைத் தேடித் தந்தது. இத்தகைய தேடலில் மாலைச் சூரியனும் தக்காளிப் பழமும் ஒன்றேயாகிவிடலாம். 2000ஆம் ஆண்டில் ஆர்னல்ட் ஸ்மூல்டர்ஸும் அவருடன் இணைந்தோரும் வெளியிட்ட மதிப்பாய்வு இக்குறைபாட்டினைப் ‘பொருண்மை இடைவெளி’ என வரையறுத்தது. படத்தினின்றும் பொறி பெறும் தகவலுக்கும், குறித்த ஒரு சூழ்நிலையிற் குறித்த ஒருவர் அப்படத்துக்குக் கொள்ளும் விளக்கத்துக்கும் இடையிலான இணக்கமின்மையே அவ்விடைவெளி என்பது அவர்தம் வரைவிலக்கணத்தின் சாரம். காண்பவரும் சூழ்நிலையும் அவ்வரைவிலக்கணத்தினுள்ளேயே இடம்பெற்றுள்ளமை மனங்கொள்ளத்தக்கது. பின்வந்தோர் பலர் இவ்விரண்டினையும் விடுத்து, இடைவெளியைப் பாலமிட்டுக் கடக்கவேண்டிய தொழில்நுட்பத் தூரமாக மாத்திரமே கண்டனர்.

அத்தகைய பாலங்களுட் பெரியது இமேஜ்நெற். ஃபெய்-ஃபெய் லீயும் அவர்தம் குழுவினரும் 2009இல் அறிமுகப்படுத்திய இத்தொகுப்பு, வேட்நெற் என்னும் ஆங்கிலச் சொற்களஞ்சியத்தின் பெயர்ச்சொற் பாகுபாட்டினைத் தழுவியது. ஒரு கோடியே நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்ட படங்களுக்கு இணையவழிக் கூலியாளரைக் கொண்டு பெயர்கள் சரிபார்க்கப்பட்டன. 2012ஆம் ஆண்டுப் போட்டியில், ஒரு படத்துக்கு ஐந்து விடைகள் கூறலாம் என்ற விதியின்கீழ், ரொறன்ரோப் பல்கலைக்கழகக் குழுவின் நரம்பு வலையமைப்பு பிழையை 15.3 சதவீதமாகக் குறைத்தது. அடுத்த குழுவின் பிழை 26.2 சதவீதம். இது மறுக்கவியலாத சாதனை.

எனினும், பெயரிடுதல் வேறு, பொருள் கொள்ளுதல் வேறு. மாம்பழத்தைப் பார்த்து மாம்பழம் எனல் எளிது. மனிதமுகத்தைப் பார்த்துக் ‘கடனாளி’ என்றோ ‘தோல்வியுற்றவர்’ என்றோ கூறுவது எங்ஙனம்? அத்தகைய வகைகளும் இமேஜ்நெற்றில் இருந்தன. கேற் குரோபோட், ரெவர் பக்லன் ஆகியோர் 2019இல் இதனை வெளிச்சத்துக்குக் கொணர்ந்தனர். அவ்வாண்டிலேயே, மனிதரைக் குறிக்கும் 2,832 வகைகளுள் 1,593 வகைகள் தகாதன என இமேஜ்நெற் குழுவினர் அறிவித்து, ஆறு இலட்சம் படங்களை நீக்க முற்பட்டனர். நீக்கியமை நன்றே. ஆயின், கடன் என்பது முகத்திற் காணப்படும் பண்பு அன்று. அது ஒரு சமூக உறவு. சமூக உறவினைப் புள்ளிகளின் பண்பாகக் கருதியமையே மூலத்தவறு. சில சொற்களை அகற்றுவதனால் மாத்திரம் அது தீர்ந்துவிடாது.

அடுத்து எழுந்தது படவினாவிடை ஆய்வு. 2015இல் வெளிவந்த வினாத்தொகுப்பின்மீது பொறிகள் கண்ட வெற்றியை யாஷ் கோயலும் சகபாடிகளும் 2017இல் நுணுகி ஆராய்ந்தனர். எந்த விளையாட்டு என்ற வினாவுக்கு, படத்தைப் பாராமலே ‘ரெனிஸ்’ எனக் கூறினால் 41 சதவீதம் சரியாயிற்று. ஒரு பொருள் தெரிகின்றதா எனத் தொடங்கும் வினாக்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு ‘ஆம்’ எனின் 87 சதவீதம் சரியாயிற்று. பொருளெனக் கருதப்பட்டது வினாக்களின் வழக்கமேயன்றிப் படத்தின் விளக்கமன்று. இதனைக் கண்டறிந்ததோடு அமையாது, ஒரே வினாவுக்கு வெவ்வேறு விடை தரும் இணைப்படங்களைச் சேர்த்து அத்தொகுப்பினை அவர்கள் திருத்தியமைத்தனர். தன் வெற்றியைத் தானே ஐயுறும் இவ்வாய்வுநெறி பாராட்டுக்குரியது.

படத்துக்கும் சொல்லுக்குமுள்ள உறவு கணனிக்கு முன்னரே ஆராயப்பட்டதொன்று. 1964இல் பிரெஞ்சுத் திறனாய்வாளர் ரோலன் பார்த், பன்சானி என்னும் உணவுப்பொருள் விளம்பரத்தை ஆராய்ந்தார். அதிலுள்ள தக்காளியும் மிளகாயும் நிறங்களும் பிரெஞ்சு நாட்டவர்க்கு ‘இத்தாலியத் தன்மை’யை உணர்த்தின. இத்தாலியருக்கோ அவ்வுணர்வு அவ்வாறு எழாது என்பதையும் அவர் சுட்டினார். படம் ஒன்றே, பொருளோ காண்பவரின் பண்பாட்டறிவினாலே நிறைவுறுகின்றது. தமிழ்ச் செய்யுள் மரபு உள்ளுறை, இறைச்சி என வகுத்ததும் இத்தகையதே. கருப்பொருள் கூறப்படும்; அதன் உட்பொருளை மரபறிந்தோர் உய்த்துணர்வர்.

பார்த்தின் கருத்தினைப் பரிசோதனையாக நிறுவிய பெருமை, பேஸ்புக் ஆய்வாளர் 2020இல் வெளியிட்ட வெறுப்பு மீம்கள் பற்றிய ஆய்வுக்கு உரியது. பலர் ஒருவரை நேசிப்பதாகக் கூறும் வாசகம் மக்கள் திரளின் படத்தோடு வரின் பாராட்டு. வெறும் பாலைநிலத்தோடு வரின் ஏளனம். இவ்வாறு படத்தையோ சொல்லையோ மாற்றப் பொருள் தலைகீழாகும் இணைகளைக் கொண்டு பத்தாயிரம் மீம்கள் தொகுக்கப்பட்டன. மனிதர் 84.7 சதவீதம் சரியாக இனங்கண்டனர்; தொடக்க ஆய்வில் மிகச் சிறந்த பொறி எய்தியது ஏறத்தாழ 65 சதவீதம். அதே ஆண்டில் தமிழ் மீம்கள் ஏறத்தாழ மூவாயிரத்தைக் கொண்ட தொகுப்பொன்றும் வெளிவந்தது. கேலி, கேலியன்று என்ற இரு பிரிவுகளே அதில் உள்ளன. ஒரு நகைச்சுவைக் காட்சியின் நிழற்படம் புதிய வாசகத்தோடு வருகையில், அக்காட்சியை முன்னர்க் கண்டு சிரித்தவரின் நினைவிலேயே அதன் பொருள் பிறக்கின்றது. அந்நினைவு படத்தில் இல்லை, வாசகத்திலும் இல்லை. அங்கதத்துக்கும் அவதூறுக்குமுள்ள வேறுபாட்டை அறிய இரு பிரிவுகள் எவ்வகையிலும் போதா.

பெருந்தொகைத் தரவுகளைக் கற்கும் பொறிகள் இக்குறையை வென்றுவிட்டன என வாதிடுவோர் உளர். 2021இல் ஓப்பன் ஏஐ நிறுவனம் வெளியிட்ட ‘கிளிப்’, நாற்பது கோடிப் படவாசக இணைகளைக் கற்றது. அப்பிள் பழத்தில் ‘ஐபொட்’ என எழுதிய தாளை ஒட்டியபோது, அது பழத்தை ஐபொட் என்றது. இதனை வெளிப்படுத்தியவர்களும் அந்நிறுவனத்து ஆய்வாளரே. இத்தகைய பொறிகளின் பயன்பாடு பெரிது. விழிப்புலன் இழந்தோருக்குப் படங்களை விவரித்துரைக்க அவை துணைபுரிகின்றன. எனினும், அவை தருவது படத்தினின்றும் பிழிந்தெடுத்த பொருளன்று. அத்தகைய படங்களை மக்கள் முன்னர் எவ்வாறு பேசினரோ, அப்பேச்சின் திரட்டே அது. எவருடைய பேச்சு மிகுதியோ அவருடைய விளக்கமே பொருளென நிலைபெறும். பேசாதோரின் விளக்கம் பிழையென ஒதுக்கப்படும்.

இது வெறும் கோட்பாட்டுச் சிக்கலன்று. 2017இல் யூரியூப் நிறுவனம் தீவிரவாதக் காணொளிகளை இனங்காணப் பொறிமுறையைக் கையாண்டபோது, சிரிய யுத்தத்தின் கொடுமைகளைச் சாட்சியப்படுத்திய காணொளிகளும் பெருந்தொகையாக அகற்றப்பட்டன. முறைப்பாடுகளின் பின்னர்ச் சில மீட்கப்பட்டன. குண்டுவீச்சைப் போற்றுவோன் காட்டும் படமும், அதற்கு நீதி கேட்போன் காட்டும் படமும் புள்ளிக்குப் புள்ளி ஒத்திருக்கக்கூடும். யார், யாருக்கு, எதன்பொருட்டுக் காட்டுகின்றனர் என்பதே பொருள். அதனைக் கணக்கிற் கொள்ளாத பொறி, சாட்சியையும் குற்றத்தையும் ஒன்றென ஆக்கிவிடுகின்றது.

ஆகவே, இத்துறையினரிடம் மூன்று விடயங்களை எதிர்பார்த்தல் நியாயமாகும். பெயரிட்டோர் யாவர், அவர் எம்மொழியினர், எவ்விதியின்படி பெயரிட்டனர் என்பன தொகுப்போடு வெளியிடப்படுதல் வேண்டும். பெயரிட்டோர் கருத்து வேறுபட்டவிடத்துப் பெரும்பான்மையைக் கொண்டு அதனை அழித்துவிடாது, வேறுபாட்டினையே தரவாகப் பேணுதல் வேண்டும். ஒருவரின் சாட்சியமோ நற்பெயரோ தங்கியிருக்கும் முடிபுகள், காரணங்கூறும் பொறுப்புடைய மனிதரிடமே விடப்படுதல் வேண்டும். திறனாய்வாளரும் தம் பங்கிற்கு, ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் எவ்வாறு நியாயமாகும், எது நியாயமாகாது என்பதை வகைப்படுத்திக் கூறக் கடமைப்பட்டோராவர். பொருள் எடுக்கப்படுவதன்று, கொள்ளப்படுவது. கொள்வோர் யாவர் என்ற வினாவை விலக்கிய பொருளாய்வு, எத்துணை நுட்பம் வாய்ந்ததாயினும், அரைகுறையானதே.